60 ஆம் நாளும் நூறாவது கட்டமும்: ஒரு விரிதாள் போட்டியின் செய்முறைக் குறிப்பு

ஐம்பது நிரைகளிலும் ஒரே விடை. 1984, 1984, 1984 என்று கடைசிவரை. முதல் நிரையில் சூத்திரம் சரியாகத்தான் இருந்தது. கீழே நிரப்பியதும் ஐம்பது பேரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் ஆகிவிட்டார்கள். சுவரில் இருந்த திரை இன்னும் 27 நிமிடம் இருக்கிறது என்று காட்டியது. பக்கத்து மேசைகளில் விசைகள் மழைபோல விழுந்துகொண்டிருந்தன.

பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில், கணக்காளர் வட்டம் ஒன்று நடத்திய நேரடி எக்செல் போட்டி அது. நான் கொழும்பில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், நிறுவனத்தின் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்று மாதாமாதம் கணக்குப் போட்டு அனுப்புவது என் வேலை. விரிதாள் எனக்குச் சமையலறை மாதிரி. எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். ஆனால் வேறு ஒருவரின் சமையலறையில், கடிகாரம் பார்க்க, கூட்டம் பார்க்கச் சமைத்தது இதுதான் முதல் முறை. அங்கே எது உடைந்தது, எதை எப்படிச் சரிசெய்தேன், எதை அங்கே முடிக்க முடியாமல் வீட்டில் வந்து முடித்தேன் என்பதைச் சூடு ஆறும் முன் எழுதி வைக்கிறேன். அடுத்த முறை போகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

இப்படி ஒரு விளையாட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. நிதி மாதிரியாக்கப் போட்டியாக 2020 இல் தொடங்கியது, பிறகு எக்செலுக்கென்றே தனியாக வளர்ந்து, இன்று மைக்ரோசொஃப்ட் எக்செல் உலகச் சம்பியன்ஷிப் என்ற பெயரில் நடக்கிறது. லாஸ் வேகாஸ் நகரில் மேடை போட்டு, ஒளிவிளக்கும் வர்ணனையுமாக இறுதிச் சுற்று நடத்துகிறார்கள். அவுஸ்திரேலியாவின் அண்ட்ரூ ங்காய் 2021, 2022, 2023 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றார். 2024 இல் மைக்கேல் ஜார்மன் வென்றார். கேள்விகள் வரவுசெலவுக் கணக்குகளாக இருப்பதில்லை. புதிர்வழி, சீட்டாட்டம், எழுத்து விளையாட்டு, கற்பனையான ஓர் உலகத்தின் விதிகள் என்று ஒரு கதையைத் தந்து, அதைச் சூத்திரமாக மாற்றச் சொல்கிறார்கள். கேள்விகள் படிப்படியாகக் கடினமாகும். இறுதிச் சுற்றில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடைசி இடத்தில் நிற்பவர் எழுந்து போகவேண்டும் என்ற முறையையும் அங்கே பார்த்தோம். பம்பலப்பிட்டியில் நடந்ததும் அந்த அச்சிலேயே வார்த்ததுதான். தகுதிச் சுற்றில் 24 பேர், இறுதியில் 8 பேர்.

என்னைப் போகச் சொன்னவள் எங்கள் பிரிவில் இருக்கும் தங்கச்சி ஒருத்தி. "அக்கா, நீங்கள் செய்கிறதைத்தான் அங்கே போட்டியாக வைக்கிறார்கள், போய்ப் பாருங்கள்" என்றாள். பெயர் கொடுத்த பிறகு மூன்று வாரம் இருந்தது.

முதல் வேலை இயந்திரம். அலுவலகத்தில் எங்களிடம் இருப்பது எக்செலின் 2016 பதிப்பு. எக்ஸ்லுக்கப், சீக்குவென்ஸ், லெட், லேம்டா போன்ற புதிய சார்புகள் எதுவும் அதில் இல்லை. வீட்டில் மச்சானின் மடிக்கணினியில் புதிய 365 பதிப்பு இருந்தது. அதை வாங்கிக்கொண்டேன். அட்டவணையில் ஒன்றைத் தேடி அதற்கு எதிரே உள்ளதை எடுத்துத் தரும் பழைய சார்பு வீலுக்கப். அதில் தேடும் நிரல் (மேலிருந்து கீழாகப் போகும் வரிசை) இடது ஓரத்தில் இருந்தே ஆகவேண்டும், எத்தனையாவது நிரல் என்று எண்ணிச் சொல்லவேண்டும், கிடைக்காவிட்டால் பிழைக்குறி வரும். எக்ஸ்லுக்கப்பில் எதைத் தேடுவது, எங்கே தேடுவது, எங்கிருந்து எடுப்பது, கிடைக்காவிட்டால் என்ன போடுவது நாலையும் நேராகச் சொல்லிவிடலாம். அந்த நாலாவது இடம், "கிடைக்காவிட்டால்", இறுதிச் சுற்றில் எனக்குப் பெரிய கை கொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, கை. காலை 5 மணியிலிருந்து 6 மணிவரை, வெள்ளவத்தையில் முதல் பஸ்களின் சத்தம் தொடங்கும் நேரத்தில், மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பழகினேன். கொன்ட்ரோல், ஷிஃப்ட், கீழ் அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தரவின் அடிவரை தெரிவாகும். தெரிவு செய்த எல்லாக் கலங்களிலும் ஒரே சூத்திரத்தைப் போட கொன்ட்ரோலும் என்டரும். சூத்திரம் சுட்டும் கலம் நகராமல் இருக்க டொலர் குறி போட எஃப்4. இவை மூன்றும் விரலில் ஏறினாலே அரைவாசி அவதி தீர்ந்துவிடும். மற்றக் குறுக்குவிசைகளை மனப்பாடம் செய்வதில் நேரத்தைச் செலவிடவேண்டாம் என்பது என் கருத்து. போட்டியில் நேரம் போவது விசையில் அல்ல, கேள்வியைத் தவறாக வாசித்ததில்.

பயிற்சியில் ஒரு நாள் பட்டது பெரிய பாடம். இருபது இலக்கம் கொண்ட சரங்கள் ஒரு நிரலில் எழுத்தாக இருந்தன. ஒவ்வொரு இலக்கத்தையும் பிரித்துக் கூட்டவேண்டும். கலத்தின் மூலையில் பச்சை முக்கோணம், "எண்ணாக மாற்றவா" என்று கேட்டது. சம்பளத் தாளில் தினமும் செய்கிற பழக்கத்தில் சரி என்று அழுத்திவிட்டேன். விடை ஒன்றும் சேரவில்லை. கலத்துக்குள் போய்ப் பார்த்தால் கடைசி ஐந்து இலக்கமும் பூச்சியமாகியிருந்தன. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்தைத்தான் வைத்துக்கொள்ளும், அதற்குமேல் உள்ளதைப் பூச்சியமாக்கிவிடும். பிழைக்குறி எதுவும் வராது. திரும்ப எழுத்தாக மாற்றினாலும் போன இலக்கம் போனதுதான். அன்றிலிருந்து பச்சை முக்கோணத்தைக் கண்டால் முதலில் இலக்கங்களை எண்ணுகிறேன்.

பிரித்த இலக்கங்களிலும் ஒரு பொறி இருக்கிறது. மிட் சார்பு வெட்டித் தருவது எண் போலத் தெரியும் எழுத்து. அந்தக் கலங்களை அப்படியே சம் சார்புக்குள் போட்டால் விடை பூச்சியம், ஏனென்றால் சம் எழுத்தைக் கண்டுகொள்ளாது. முன்னால் இரண்டு கழித்தல் குறி போட்டால் எண்ணாகிவிடும்.

போட்டி ஒரு சனிக்கிழமை. காலையில் இடியப்பமும் சொதியும் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். மண்டபத்தில் மேசைக்கு ஒருவர், தனித்தனி மின்செருகி. கோப்பு ஒன்பதரைக்குக் கைக்கு வந்தது.

தகுதிச் சுற்றின் கதையைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. தேசிய அடையாள அட்டை இலக்கங்கள். ஐம்பதும் போட்டிக்காக உருவாக்கிய கற்பனை இலக்கங்கள்தான், ஆனால் அமைப்பு உண்மையானது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். புதிய அட்டையில் 12 இலக்கம், வருடம் நாலு இலக்கமாக முழுதாக வரும், அதற்குப் பின்னால் அதே மூன்று இலக்க நாள். முதற்படியில் பிறந்த வருடம், இரண்டாம் படியில் ஆணா பெண்ணா, மூன்றாம் படியில் பிறந்த தேதி, நாலாம் படியில் குறிப்பிட்ட ஒரு நாளில் அவருக்கு எத்தனை வயது, ஐந்தாம் படியில் ஒரே நாளில் பிறந்த சோடிகள் எத்தனை.

முதற்படியின் சூத்திரம் ஒரு நிமிடத்தில் தயார். நீளம் 12 என்றால் முதல் நாலு இலக்கம், இல்லாவிட்டால் 1900 உடன் முதல் இரண்டு. அதைக் கீழே நிரப்பியபோதுதான் ஐம்பது 1984 வந்தது.

டொலர் குறியைத் தவறுதலாகப் போட்டுவிட்டேனோ என்று பார்த்தேன், இல்லை. ஐந்தாவது நிரையில் எஃப்2 அழுத்திச் சூத்திரத்தைத் திறந்து பார்த்தேன். ஐந்தாவது அட்டையைத்தான் அது சுட்டிக்கொண்டிருந்தது. என்டர் அழுத்தினேன். அந்த ஒரு கலம் மட்டும் 1979 ஆக மாறியது. ஆறாவதில் எஃப்2, என்டர், அதுவும் மாறியது. இப்படியே ஐம்பதையும் தட்டவேண்டுமா என்று ஒரு கணம் நினைத்தேன். கண்ணால் பார்க்கிற சூத்திரமும் கண்ணால் பார்க்கிற விடையும் பொருந்தாதபோது வருகிற பதற்றம் மிகவும் கெட்டது. நம் கையே நம்மை ஏமாற்றுவது போல இருக்கும். நாலு நிமிடம் போயிற்று.

பிறகுதான் திரையின் கீழ் இடது மூலையில் "கல்குலேட்" என்ற சொல்லைக் கண்டேன். எஃப்9 அழுத்தினேன். ஐம்பது பேரும் அவரவர் வருடத்துக்குத் திரும்பினார்கள்.

காரணம் என்னிடம்தான் இருந்தது. அன்று காலை மண்டபத்துக்கு வந்ததும், அலுவலகத்திலிருந்து ஒரு சந்தேகம் கேட்டு அழைப்பு வந்தது. சம்பளக் கோப்பைத் திறந்து பதில் சொன்னேன். மூடவில்லை. அந்தக் கோப்பு கனமானது என்பதால் அதைக் கையால் கணிக்கும் நிலையில் வைத்திருப்பேன்: எஃப்9 அழுத்தினால்தான் கணக்குப் போடும். எக்செலில் கணிக்கும் நிலை கோப்புக்குக் கோப்பு தனியாக நிற்பதில்லை. முதலில் திறந்த கோப்பு எந்த நிலையில் இருக்கிறதோ, அதற்குப் பின் திறக்கிற எல்லாக் கோப்புகளுக்கும் அதே நிலைதான். போட்டிக் கோப்பு என் சம்பளக் கோப்பின் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. சூத்திரத் தாவலில் கணிப்புத் தெரிவைத் தானியங்கியாக மாற்றிவிட்டு, சம்பளக் கோப்பை மூடினேன். இப்போது போட்டி என்றால் எக்செலை முழுதாக மூடித் திறந்து, வேறு எந்தக் கோப்பும் இல்லாமல், வெறும் தாளில் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று ஒரு சூத்திரம் எழுதி, ஒன்றை மாற்றினால் விடை மாறுகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

போன நாலு நிமிடத்தை மூன்றாம் படி திருப்பித் தந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சம்பளப் பிரிவில் இருப்பவர்கள் ஒருநாளாவது இதில் இடறியிருப்பார்கள்.

அடையாள அட்டையில் உள்ள நாள் எண், எல்லா வருடத்துக்கும் 366 நாள் என்று வைத்து எண்ணப்படுகிறது. லீப் வருடமோ இல்லையோ, பெப்ரவரி 29 க்கு ஓர் இடம் உண்டு. ஆகவே 1985 மார்ச் 1 இல் பிறந்த ஓர் ஆணின் நாள் எண் 061: சனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, பிறகு 1. பெண் என்றால் 561. நேரடியாக வருடம் 1985, மாதம் 1, நாள் 61 என்று தேதிச் சார்பில் போட்டால் எக்செல் உண்மையான நாட்காட்டிப்படி எண்ணும். 1985 இல் பெப்ரவரிக்கு 28 நாள்தான், ஆகவே மார்ச் 2 என்று சொல்லும். ஒரு நாள் பிழை. பெப்ரவரி முடியும்வரை பிறந்தவர்களுக்கு விடை சரியாக வருவதால், மேலே இரண்டு மூன்று நிரையைப் பார்த்துச் சரி என்று நம்பிவிடுவோம். லீப் வருடத்தில் பிறந்தவர்களுக்கும் சரியாகவே வரும். மற்றவர்களுக்குத்தான் பிழை, அவர்கள்தான் பெரும்பான்மை.

எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெறும் தேதிப் பட்டியல் ஒன்றைப் போட்டபோது நான் இதில் மாட்டியிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டபோது பலருக்கு ஒரு நாள் தள்ளி நின்றது. அன்று கண்ட மருந்து இதுதான்: நாள் எண்ணை முதலில் ஒரு லீப் வருடத்தில், 2000 ஆம் ஆண்டில், வைத்துப் பார். 2000, மாதம் 1, நாள் 61 என்றால் மார்ச் 1 கிடைக்கும். அந்தத் தேதியிலிருந்து மாதத்தையும் நாளையும் மட்டும் எடுத்து, பிறந்த வருடத்தோடு சேர். இரண்டு துணை நிரல், ஒரு விடை நிரல். பத்து விநாடி வேலை.

இதில் நான் எப்போதும் வியப்பது ஒன்று உண்டு. எக்செலுக்குத் தேதி என்பது உள்ளே ஓர் எண். 1900 சனவரி 1 என்றால் 1. அந்தக் கணக்கில் 60 என்று எழுதித் தேதியாகக் காட்டச் சொன்னால், 1900 பெப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் உலகத்தில் இருந்ததே இல்லை, 1900 லீப் வருடம் அல்ல. முன்பு பிரபலமாக இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாளில் இந்தப் பிழை இருந்தது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செலும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. நம் அடையாள அட்டையிலும் 60 ஆம் நாள் எல்லா வருடத்திலும் பெப்ரவரி 29 தான். ஒன்றை ஒன்று அறியாத இரண்டு ஏற்பாடுகள், இல்லாத ஒரு நாளுக்கு ஒரே இலக்கத்தில் இடம் வைத்திருக்கின்றன.

விதி கேள்வித்தாளில் ஒரு வரியாக இருந்தது: "நாள் எண் 366 நாள் அடிப்படையிலானது." அதைத் தாண்டிப் போனவர்கள் பலர் என்பது தேநீர் இடைவேளையில் தெரிந்தது. மூன்றாம் படியில் பிழைத்தால் நாலும் ஐந்தும் கூடவே பிழைக்கும். நான் ஆறாம் இடத்தில் இறுதிக்குப் போனேன்.

இறுதிச் சுற்றுக்கு எட்டு மேசைகளையும் மேடையில் ஏற்றினார்கள். ஒவ்வொருவரின் திரையும் பின்னால் பெரிதாகத் தெரிந்தது. பத்து நிமிடம் எவரும் வெளியேறத் தேவையில்லை. அதன்பின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடைசியில் நிற்பவர் எழும்பவேண்டும். மொத்தம் முப்பது நிமிடம்.

கதை பாம்பும் ஏணியும். நூறு கட்டம், ஒரு சிறிய அட்டவணையில் ஏணிகளின் காலும் தலையும், பாம்புகளின் தலையும் வாலும். இருபது ஆட்டங்கள், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அறுபது பகடை எறிதல், ஒரே எழுத்துச் சரமாக. மேலே ஒரு மாதிரி ஆட்டமும் அதன் விடையும் கொடுத்திருந்தார்கள். பச்சை முக்கோணம் இருபது கலத்திலும் சிரித்தது. தொடவில்லை.

அவசரப்படாமல் இரண்டு நிமிடம் ஐந்து படிகளையும் வாசித்தேன். முதற்படி எறிதல்களின் கூட்டுத்தொகை. இரண்டாவது, ஒருவர் தனியாக ஆடினால் இருபது எறிதலுக்குப் பின் எந்தக் கட்டத்தில் நிற்பார். மூன்றாவது, சரியாக நூறில் விழவேண்டும், தாண்டினால் இருந்த இடத்திலேயே நிற்கவேண்டும். எத்தனையாவது எறிதலில் முடிப்பார். நாலாவது, இருவர் மாறி மாறி எறிகிறார்கள், வெல்வது யார். ஐந்தாவது, அதோடு ஆறு விழுந்தால் அவரே மறுபடி எறிவார்.

முழுதையும் ஒரே கலத்தில் செய்யலாம். ரெடியூஸ் சார்புக்குள், நாமே எழுதும் சார்பான லேம்டாவை வைத்து எறிதலை ஒவ்வொன்றாக ஊட்டினால் கடைசி இடம் வரும். மேடையில் இருந்த இருவர் அப்படித்தான் எழுதினார்கள். அழகான வேலை. ஆனால் விடை பிழைத்தால் அந்த ஒற்றைக் கலத்துக்குள் எந்த எறிதலில் பிழைத்தது என்று பார்க்க எளிதான வழியில்லை. நான் விரித்துப் போடுகிற ஆள். ஒரு நிரை ஓர் ஆட்டம், ஒரு நிரல் ஓர் எறிதல். முதலில் அறுபது நிரலில் இலக்கங்களைப் பிரித்தேன். அதற்கு வலப்பக்கம் இன்னோர் அறுபது நிரலில் நிற்கும் இடம். சூத்திரம் இது:

=இஃப்(முன்னிடம்+பகடை>100, முன்னிடம், எக்ஸ்லுக்கப்(முன்னிடம்+பகடை, தொடக்கக்கட்டம், முடிவுக்கட்டம், முன்னிடம்+பகடை))

நூறைத் தாண்டினால் பழைய இடம். இல்லாவிட்டால் புதிய கட்டத்தை அட்டவணையில் தேடு. ஏணியோ பாம்போ இருந்தால் அது கொண்டுபோகிற கட்டம், இல்லாவிட்டால் நாலாவது இடத்தில் சொன்னபடி அதே கட்டம். "கிடைக்காவிட்டால்" என்ற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. மாதிரி ஆட்டத்தில் முதல் எறிதல் 4; நாலில் ஏணி, 25. அடுத்தது 2, இருபத்தேழில் பாம்பு, 5. என் நிரையிலும் 25, 5 என்று விழுந்தது. அந்த இரண்டு கலத்தைப் பார்த்தபோதே கை நிதானப்பட்டது. நூறை அடைந்தவர் அதற்குமேல் எது எறிந்தாலும் தாண்டல்தான், ஆகவே நூறிலேயே நின்றுவிடுவார். ஆட்டம் முடிந்ததா என்று தனியாகக் கேட்கவே தேவையில்லை. மேட்ச் சார்பால் அந்த நிரையில் முதல் 100 எத்தனையாவது என்று கேட்டால் மூன்றாம் படிக்கு விடை.

நாலாம் படிக்கு ஒரு சிறு மாற்றம்தான். இருவர் மாறி மாறி எறிந்தால், என் முந்தைய இடம் ஒரு கலம் இடப்பக்கம் அல்ல, இரண்டு கலம் இடப்பக்கம். தொடக்கத்தில் இரண்டு பூச்சிய நிரல் வைத்து, சுட்டுதலை ஒரு கலம் தள்ளினேன். முதல் 100 ஒற்றைப்படை எறிதலில் வந்தால் முதலாமவர், இரட்டைப்படையில் வந்தால் இரண்டாமவர். பதினெட்டாவது நிமிடத்தில் நான் மூன்றாம் இடம். சபையில் யாரோ கைதட்டினார்கள்.

ஐந்தாம் படியில் உடைந்தது. ஆறு விழுந்தால் அவரே மறுபடி எறிவார் என்றால் ஒற்றை, இரட்டை என்ற ஒழுங்கு போய்விடும். நான் நாலாம் படியின் தாளை வைத்துக்கொண்டு அதைத் திருத்தப் பார்த்தேன். இரண்டு கலம் இடப்பக்கமா, ஒரு கலமா என்று இஃப்புக்குள் கேட்டேன். இந்தப் படிக்குத் தனியாகக் கொடுத்த மாதிரிச் சரம் 6, 4, 3 என்று தொடங்கியது. முதலாமவர் 6 எறிந்து ஆறில், மறுபடி 4 எறிந்து பத்தில். இரண்டாமவர் 3 எறிந்து மூன்றில். என் தாளோ இரண்டாவது எறிதலை இரண்டாமவருக்குக் கொடுத்து, அவரை ஏணியில் 25 க்கு ஏற்றியது. ஒரு திருத்தம் செய்தால் அடுத்த ஆறில் பிழைத்தது. மற்றவருக்கு ஓர் ஆறு வந்தால் மூன்று கலம் பின்னால் போகவேண்டும், இரண்டு தொடர்ந்து வந்தால் நாலு. ஏழு நிமிடம் அந்தச் சுட்டுதலோடு மல்லுக்கட்டினேன். 25 ஆவது நிமிடத்தில், ஐந்தாம் இடத்தில், எழும்பினேன். கீழே வந்து நிற்கும்போது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. தோற்றது எரிச்சலாக இல்லை. அந்தக் கேள்வி தீராமல் நின்றதுதான் எரிச்சலாக இருந்தது.

பிளேன்ரீ கொடுத்த இடத்தில், இரண்டாம் இடம் எடுத்த தம்பி வந்து பக்கத்தில் நின்றார். மருதானையில் ஒரு கடையின் கணக்குப் பார்க்கிறவர். அவரிடமே கேட்டேன். "அக்கா, எங்கே நிற்கிறார் என்பதற்கு முன்னால் யார் எறிகிறார் என்பதை எழுதுங்கள்" என்று சொல்லி, டிஷ்யூத் தாளில் 1, 1, 2 என்று எழுதிக் காட்டினார். அவ்வளவுதான் எழுதினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு அதே கோப்பைத் திறந்தேன். இம்முறை பழைய தாளைத் திருத்தவில்லை. புதுத் தாள், மூன்று தொகுதி.

முதல் தொகுதி முறை. முதல் எறிதலுக்கு 1. அதன்பின் ஒவ்வொரு கலத்திலும்: முந்தைய பகடை ஆறு என்றால் முந்தைய முறையே, இல்லாவிட்டால் 3 இலிருந்து முந்தைய முறையைக் கழி. மூன்றில் ஒன்று போனால் இரண்டு, மூன்றில் இரண்டு போனால் ஒன்று. ஆள் மாற்றுவதற்கு இதைவிடச் சிறிய கணக்கு எனக்குத் தெரியாது.

இரண்டாம் தொகுதி முதலாமவரின் இடம். இந்த எறிதல் அவருடைய முறை என்றால் பழைய சூத்திரம், இல்லாவிட்டால் இடப்பக்கக் கலத்தில் இருந்த அதே இடம். மூன்றாம் தொகுதி இரண்டாமவருக்கு, அதே சூத்திரம். தொகுதியின் தலையில் 1 அல்லது 2 என்று எழுதி, சூத்திரம் அந்தக் கலத்தைப் பார்க்கும்படி டொலர் குறி போட்டால், ஒன்றை எழுதி மற்றதுக்குப் பிரதி எடுக்கலாம். இப்போது எவருக்கும் இரண்டு கலம் பின்னால் பார்க்கத் தேவையில்லை. எத்தனை ஆறு தொடர்ந்து வந்தாலும் எல்லோருக்கும் முந்தைய இடம் ஒரு கலம் இடப்பக்கம்தான்.

கடைசியில் இரண்டு தொகுதியிலும் முதல் 100 எங்கே என்று மேட்ச். அடையாதவருக்குப் பிழைக்குறி வரும், அதை இஃப்எரரால் 999 ஆக்கினேன். சிறியது எவருடையதோ அவர் வென்றவர். இரண்டும் 999 என்றால் எவரும் இல்லை. மாதிரி ஆட்டத்தில் முதல் மூன்று எறிதலுக்குப் பின் 10 உம் 3 உம் நின்றன. கீழே நிரப்பினேன். இருபது ஆட்டமும் ஏற்பாட்டாளர்கள் பிறகு அனுப்பிய விடைத்தாளோடு ஒத்துப்போயின. கடிகாரத்தைப் பார்த்தேன்: புதுத் தாள் திறந்ததிலிருந்து ஆறு நிமிடம். மேடையில் பழைய சுட்டுதலோடு போராடியது ஏழு.

ஆசைக்கு அதையே ஒரே கலத்திலும் எழுதிப் பார்த்தேன். ரெடியூஸில் ஒரு மதிப்பை மட்டும் ஏந்திக்கொண்டு போவதுதான் எனக்குப் பழக்கம். இங்கே முறை, முதலாமவர் இடம், இரண்டாமவர் இடம் என்று மூன்றை ஏந்தவேண்டும். மூன்றையும் ஓர் எண்ணில் அடைத்தேன்: முறையைப் பத்து இலட்சத்தால் பெருக்கி, முதல் இடத்தை ஆயிரத்தால் பெருக்கி, இரண்டாவது இடத்தைக் கூட்டி, ஒவ்வோர் எறிதலிலும் பிரித்துத் திரும்பக் கட்டவேண்டும். வேலை செய்தது. எழுத நாற்பது நிமிடம் எடுத்தது, அதிலும் ஒரு பிழையைத் தேட என் மூன்று தொகுதித் தாளைத்தான் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். லேம்டாவில் விரல் ஊறியவர்களுக்கு அது வேகமாக வரலாம். எனக்கு மேடையில் துணை நிரல்தான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எங்கள் தங்கச்சி கேட்டாள், "அக்கா, அந்த அடையாள அட்டைக் கேள்வியை நமக்கும் காட்டுங்கள்." அலுவலகத்துப் 2016 பதிப்பிலும் அது ஓடும், புதிய சார்பு எதுவும் தேவையில்லை. மதிய உணவுக்குப் பிறகு அவளை உட்காரவைத்து, 85061 என்று எழுதச் சொன்னேன். நேராகத் தேதிச் சார்பில் போட்டாள், மார்ச் 2 வந்தது. 2000 ஆம் ஆண்டில் போடச் சொன்னேன். மார்ச் 1 வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். எங்கள் ஓய்வுபெறுவோர் பட்டியலின் பழைய பிரதி ஒன்றை இன்னும் யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி, அதைத் தேடப் போய்விட்டாள்.